விரல் விட்டு எண்ணும் குழந்தையைத் தடுக்கலாமா? ராபர்ட் சீக்லரின் ஆய்வுகளை முன்வைத்து

#1 நிறைமதி

என் அண்ணன் மகளுக்கு ஆறு வயது. நேற்று அவளோடு உட்கார்ந்து கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 7+4 என்று எழுதினேன். இரண்டு கைகளும் சட்டென்று மேசைக்கு அடியில் போய்விட்டன. உதடு மட்டும் அசைந்தது. "பதினொண்ணு" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். விடை சரி. ஆனால் அந்தப் பார்வையில் பயம் இருந்தது. விரல் விட்டு எண்ணினால் திட்டு விழும் என்று அவளுக்கு எங்கேயோ பதிந்திருக்கிறது.

அதைப் பார்த்த பிறகு இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. கணக்குத் திறமையின் உளவியலைப் பற்றி நான் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருபவர் ராபர்ட் சீக்லர். 1974-இல் பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வேலை செய்தவர், பிறகு நியூயார்க்கில் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரிக்குப் போனார். அவர் வேலையில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: ஒரு குழந்தை 7+4-க்கு விடை கண்டுபிடிக்கும் அந்தச் சில நொடிகளில் உள்ளே என்ன நடக்கிறது?

அவருக்கு முன்னால் இருந்த நிலையைச் சொல்லிவிடுகிறேன். 1972-இல் குரோன், பார்க்மன் என்ற இருவர் முதல் வகுப்புக் குழந்தைகளிடம் கூட்டல் கணக்குகள் கொடுத்து, விடை வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். இரண்டு எண்களில் சின்ன எண் எதுவோ, அது பெரிதாகப் பெரிதாக நேரமும் கூடியது. ஆகவே குழந்தைகள் பெரிய எண்ணில் ஆரம்பித்துச் சின்ன எண்ணை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். நம் எல்லோருக்கும் தெரிந்த வழிதான் அது: "மனசுல ஏழு, கையில நாலு. ஏழுக்கு அப்புறம் எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு."

சீக்லர் 1987-இல் இதையே திரும்பப் பார்த்தார். நேரத்தை அளந்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் குழந்தையிடம் "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டார். மொத்தமாகச் சராசரி எடுத்தால் பழைய முடிவு அப்படியே வந்தது. ஆனால் குழந்தைகள் சொன்னதைக் கணக்கு கணக்காகப் பிரித்தபோது, மனசுல-ஏழு-கையில-நாலு வழியைப் பயன்படுத்தியது ஏறத்தாழ 36 விழுக்காடு தடவைகளில்தான். மீதி நேரம் ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எண்ணினார்கள், எண்ணைப் பிரித்துச் சேர்த்தார்கள், நினைவிலிருந்து சொன்னார்கள், இல்லையென்றால் உத்தேசமாகச் சொன்னார்கள். ஒரே குழந்தை ஒரே நாளில் மூன்று நான்கு வழிகளை மாற்றி மாற்றி எடுத்தது.

சராசரி காட்டிய அந்த ஒற்றை வழிக் குழந்தை உலகத்தில் எங்குமே இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து குழந்தைகள் கணக்குப் போடுவதை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் பார்த்ததைச் சொல்லுங்கள். விரலைத் தடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. மறுப்பவர்கள் அவசியம் எழுத வேண்டும்.

#2 கணக்கு_வாத்தியார்

மறுக்கிறேன், தம்பி.

முப்பது ஆண்டுகளாகத் தனிப்பயிற்சி கொடுக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் 8+7-க்கு விரலைத் தேடும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். ஒரு சமன்பாட்டில் நாலு வரி போவதற்குள் களைத்துப்போகிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் சின்னக் கூட்டலுக்கே மூளை செலவாகிவிடுவதால், எந்த வரியில் இருந்தோம் என்பது மறந்துபோகிறது. வாய்ப்பாடும் சின்னக் கூட்டலும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். விரல் என்பது ஊன்றுகோல். கால் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுத்துப் பழக்கினால் நடக்கவே கற்காது.

#3 தேன்மொழி

வாத்தியார் ஐயா சொல்வதைப் படித்ததும் எனக்குப் பயமாக இருக்கிறது. என் மகள் இரண்டாம் வகுப்பு. 8+5 அவளுக்குத் தெரியும், நிச்சயமாகத் தெரியும். விளையாட்டில் கேட்டால் சட்டென்று "பதிமூணு" என்பாள். ஆனால் நோட்டில் எழுதச் சொன்னால் விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். "தெரியுமே, ஏன் எண்ணுறே?" என்றால் "தப்பா இருந்துட்டா?" என்கிறாள். இதைத் தடுப்பதா, விடுவதா?

#4 நிறைமதி

தேன்மொழி அக்கா, உங்கள் மகளைப் போன்ற குழந்தைகளைப் பற்றிச் சீக்லர் தனியாகவே எழுதியிருக்கிறார். அதற்கு முன்னால் வாத்தியார் ஐயாவுக்கு ஒரு பதில், ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன.

ஐயா, சின்னக் கூட்டல் நினைவிலிருந்து வர வேண்டும் என்பதில் உங்களுக்கும் சீக்லருக்கும் வேறுபாடே இல்லை. அந்த நினைவு எப்படி உருவாகிறது என்பதில்தான் கேள்வி. 1984-இல் அவரும் ஜெஃப் ஷ்ரேகரும் சேர்ந்து ஒரு விளக்கம் கொடுத்தார்கள், கணினியில் ஓட்டியும் காட்டினார்கள். அதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன்.

ஒரு கணக்கைப் பார்த்ததும் குழந்தையின் மனதில் விடைகள் எழுகின்றன. 2+2 என்றால் 4 மட்டுமே பலமாக எழும். 3+5 என்றால் நான்கு வயதுக் குழந்தைக்கு 8-ம் கொஞ்சம் எழும், 7-ம் கொஞ்சம் எழும், 6-ம் கொஞ்சம் எழும். 6 ஏன் என்றால், ஐந்துக்கு அப்புறம் ஆறு என்று எண்ணிப் பழகிய வாய். எழுந்த விடை போதுமான பலத்தோடு இருந்தால் குழந்தை அதைச் சொல்லிவிடும். பலம் போதவில்லையென்றால் விரலுக்குப் போகும். விரல் விட்டுச் சரியான விடையை எட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்குக்கும் அந்த விடைக்கும் நடுவே உள்ள முடிச்சு இறுகுகிறது. ஒரு நாள் முடிச்சு போதுமான அளவு இறுகியிருக்கும், அன்றைக்கு விரல் தானாகவே ஓய்ந்துவிடும்.

இப்போது விரலைத் தடுத்துவிட்டோம் என்று வையுங்கள். பலமில்லாத விடைகளில் ஏதோ ஒன்றை அது எடுத்து நீட்டும். தப்பாகச் சொன்ன விடையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். 3+5 ஏழு என்று நாலு தடவை சொன்ன குழந்தைக்கு ஏழுதான் அடுத்த முறை முந்திக்கொண்டு வரும். நினைவை வளர்க்க நினைத்து நாம் செய்யும் காரியமே நினைவைக் குழப்பிவிடுகிறது.

எட்டாம் வகுப்பிலும் விரல் போகவில்லை என்றால் முடிச்சு இறுகவில்லை என்று பொருள். விரல் பயன்படுத்தியதால்தான் இறுகவில்லை என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. எண்ணும்போதே அடிக்கடி தவறியிருக்கலாம், பயிற்சி குறைவாக இருந்திருக்கலாம், பயந்து அவசரமாக எண்ணியிருக்கலாம்.

அக்கா, இனி உங்கள் மகள். 1988-இல் சீக்லர் முதல் வகுப்புக் குழந்தைகளை ஆராய்ந்தபோது மூன்று வகையாகப் பிரிந்தார்கள். நன்றாகத் தெரிந்து, நினைவிலிருந்தே சொல்பவர்கள் ஒரு வகை. சரியாகத் தெரியாமலேயே தோன்றியதைச் சொல்லிவிடுபவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகையினருக்கு முதல் வகையினரைப் போலவே நன்றாகத் தெரியும். ஆனால் முழு நிச்சயம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார்கள், அதனால் அதிகம் விரலுக்குப் போவார்கள். 'தப்பே வரக் கூடாது' என்று நினைக்கும் பிள்ளைகள். அடைவுத் தேர்வுகளில் இவர்களும் முதல் வகையினரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் விரல் விடும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். உங்கள் மகள் இந்த மூன்றாவது வகையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. விட்டுவிடுங்கள், எண்ணட்டும்.

#5 பரிதி

நல்ல இழை. ஒரே ஒரு இடத்தில் எனக்கு உறுத்துகிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

"எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டு, குழந்தை சொல்வதை அப்படியே சாட்சியாக எடுத்துக்கொள்வது எவ்வளவு சரி? பெரியவர்களிடமே இது பிரச்சினை. எண்கணித உளவியலில் சீக்லருக்கு இணையாகப் பேசப்படும் மார்க் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்பவரோடு சேர்ந்து 2001-இல் இதைச் சோதித்தார். தொடக்கத்தில் கொடுக்கும் அறிவுரையில் எந்த வழியை உயர்த்திப் பேசுகிறோமோ, அந்த வழியைப் பயன்படுத்தியதாகச் சொல்பவர்கள் கூடிவிட்டார்கள். கேட்கும் விதமே பதிலை வளைக்கிறது. ஆறு வயதுக் குழந்தை, எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குப் பிடித்த பதிலைத்தானே சொல்லும்?

அடுத்து, கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தாலே குழந்தை வேறு மாதிரி யோசிக்க ஆரம்பிக்கலாம்.

#6 நிறைமதி

சரியான கேள்வி, பரிதி. பேச்சை மட்டும் நம்பினால் இந்த ஆய்வுகள் நிற்காது. ஆனால் சீக்லர் பேச்சோடு காணொளிப் பதிவையும் நேரத்தையும் சேர்த்தே வைத்துக்கொண்டார். மனசுல-ஏழு வழி என்று குழந்தை சொன்ன கணக்குகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், நேரம் அந்த வழிக்கு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. வேறு வழி என்று சொன்னவற்றில் பொருத்தம் தளர்ந்துவிடுகிறது. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் இந்தப் பிரிவு வந்திருக்காது.

பேச்சும் செயலும் ஒத்துப்போகாத இடத்தையும் அவரே தேடிப்போயிருக்கிறார். 1998-இல் எல்ஸ்பெத் ஷ்டெர்னோடு சேர்ந்து ஜெர்மனியில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் 18+24−24 போன்ற கணக்குகளைக் கொடுத்தார். உண்மையாகவே கூட்டிக் கழித்தால் நிறைய நேரமாகும். 24-ஐக் கூட்டி 24-ஐக் கழித்தால் பழையபடி 18 என்று பிடிபட்டுவிட்டால் நாலு நொடிக்குள் விடை வந்துவிடும். நாள் போகப் போகக் குழந்தைகளின் நேரம் திடீரென்று நாலு நொடிக்குக் கீழே இறங்கியது. அந்த நேரத்தில் எப்படிச் செய்தாய் என்று கேட்டால் "கூட்டினேன், அப்புறம் கழித்தேன்" என்றார்கள்! பெரும்பாலான குழந்தைகள் குறுக்கு வழியை முதலில் கையாண்டார்கள், அதற்குப் பிறகுதான் அவர்களால் அதைச் சொல்ல முடிந்தது.

ஆகவே நீங்கள் சொல்வது உண்மை. பேச்சு சில நேரம் பின்தங்கியே வருகிறது. அந்த இடைவெளியையே அவர் ஒரு கண்டுபிடிப்பாக மாற்றினார்.

#7 யாழினி

நான் தொடக்க வகுப்பு ஆசிரியை. 18+24−24-ஐப் படித்ததும் வகுப்பில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒரு சிறுவன், பெயர் வேண்டாம். எந்தக் கூட்டலானாலும் ஒன்றிலிருந்தே எண்ணுவான். 2+9 என்றால் இரண்டு விரல் நீட்டி எண்ணி, பிறகு ஒன்பதையும் எண்ணி, விரல் போதாமல் என் விரல்களைக் கடன் வாங்குவான். ஒரு நாள் 2+9-க்கு "ஒன்பது…" என்று ஆரம்பித்து "பத்து, பதினொண்ணு" என்று முடித்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அடுத்த கணக்கு 3+8. திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிட்டான். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. கண்டுபிடித்ததை ஏன் உடனே விட்டுவிட்டான் என்று பல நாள் யோசித்தேன்.

சீக்லரும் எரிக் ஜென்கின்ஸும் 1989-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் பதில் கிடைத்தது. கூட்டத் தெரியும், ஆனால் பெரிய எண்ணிலிருந்து தொடங்கத் தெரியாது என்ற நிலையில் இருந்த நாலைந்து வயதுக் குழந்தைகள் சிலரை எடுத்துக்கொண்டு, 11 வாரம், வாரத்துக்கு மூன்று முறை கணக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அநேகமாக எல்லோருமே அந்த வழியைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே. கண்டுபிடித்த பிறகு, என் மாணவனைப் போலவே, பழைய வழிக்கே திரும்பத் திரும்பப் போனார்கள். நடுவில் 2+21 மாதிரி கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒன்றிலிருந்து எண்ணினால் மாளாது, இரண்டை மட்டும் எண்ணினால் நொடியில் முடியும். அதற்குள் புது வழியை ஒரு தடவையாவது தொட்டிருந்த குழந்தைகள் அப்போதுதான் அதை நிறையப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. தேடிக்கொண்டிருந்த அத்தனை வாரங்களிலும் அந்தக் குழந்தைகள் அடிப்படையிலேயே தவறான வழி எதையும், உதாரணமாக முதல் எண்ணையே இரண்டு தடவை எண்ணிக் கூட்டுவதை, முயன்று பார்க்கவில்லை. கூட்டல் என்றால் எது செல்லும், எது செல்லாது என்ற ஒரு வரைபடம் வழி தெரிவதற்கு முன்பே அவர்களுக்குள் இருக்கிறது.

இப்போதெல்லாம் பிள்ளைகள் பழைய வழிக்குத் திரும்பினால் நான் பதறுவதில்லை. 2+21 மாதிரி ஒன்றை எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

#8 கணக்கு_வாத்தியார்

யாழினி அம்மா, உங்கள் மாணவன் கதையை இரண்டு தடவை படித்தேன். சரி, சின்ன வகுப்பில் விரலைத் தடுப்பது பற்றி நான் கொஞ்சம் யோசிக்கிறேன். முடிச்சு விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது.

ஆனால் என் உண்மையான கவலை வேறு. என்னிடம் வரும் பிள்ளைகள் விழுவது விரலில் அல்ல, பின்னத்தில். பிள்ளைகளிடம் 1/2 + 1/3 கேட்டால் 2/5 என்று எழுதுகிறார்கள். தொகுதியைத் தொகுதியோடு, பகுதியைப் பகுதியோடு கூட்டிவிடுகிறார்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையை விடக் குறைந்துவிடுமா என்று கேட்டால் விழிக்கிறார்கள். உங்கள் சீக்லர் இதற்கு ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

#9 நிறைமதி

சொல்லியிருக்கிறார் ஐயா. கடைசி பதினைந்து ஆண்டுகளாக அவர் அதிகம் உழைத்தது பின்னத்தில்தான்.

1978-இல் அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நடந்த நாடு தழுவிய தேர்வில் ஒரு கேள்வி: 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு? கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் விடை 2. சரியாகச் சொன்னவர்கள் 24 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். 12-ம் 7-ம் 19, 13-ம் 8-ம் 21. உங்கள் 2/5 பிள்ளைகளின் அதே வேலை. 2014-இல் சீக்லரும் சகாக்களும் இதே கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். 27 விழுக்காடு. இடையில் 36 ஆண்டுகள் போயிருந்தன.

2012-இல் வந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வு அமெரிக்க, பிரிட்டன் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய தரவுகளை எடுத்துக்கொண்டது. பத்து வயது வாக்கில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரிந்திருந்தது என்பதே ஐந்தாறு ஆண்டு கழித்து இயற்கணிதத்திலும் மொத்தக் கணக்கிலும் எப்படி இருப்பார்கள் என்பதைக் காட்டியது. அறிவுத்திறன், குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு, முழு எண்களில் கூட்டல் கழித்தல் பெருக்கல் திறமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நின்றது.

#10 பரிதி

பின்னம் என்றதும் நான் மிகவும் மதிக்கும் ஆய்வைச் சொல்ல வேண்டும். டேவிட் பிரைத்வெயிட், ஆரின் பைக், சீக்லர் மூவரும் 2017-இல் செய்தது.

ஒரு பையன் 3/5 + 1/5 = 4/5 என்று சரியாகப் போடுவான். அடுத்த வரியில் 3/5 × 4/5 என்று இருந்தால் 12/5 என்று எழுதுவான். மேலே பெருக்கிவிட்டான், கீழே ஐந்தை அப்படியே விட்டுவிட்டான். ஏன்?

அவர்கள் பாடப் புத்தகங்களை எடுத்து, எந்த மாதிரிக் கணக்கு எத்தனை இருக்கிறது என்று எண்ணினார்கள். பகுதி ஒன்றாக இருக்கும் கூட்டல் கணக்குகள் ஏராளம். பகுதி ஒன்றாக இருக்கும் பெருக்கல் கணக்குகள் அரிதிலும் அரிது. ஆகவே கீழே இரண்டும் ஒரே எண் என்று கண்டாலே "கீழே உள்ளதை அப்படியே எழுது" என்று கை பழகிவிடுகிறது. நிறைமதி சொன்ன முடிச்சேதான், இங்கே தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. இந்தக் கணக்குகளையே ஒரு கணினி மாதிரிக்குக் கொடுத்துப் பயிற்றுவித்தபோது அதுவும் பிள்ளைகள் செய்யும் தவறுகளையே செய்தது.

தப்பைப் பார்த்ததும் "கவனமில்லை" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளை ரொம்பக் கவனமாக இருந்திருக்கிறது. புத்தகத்தில் எது எதோடு சேர்ந்து வருகிறது என்பதைக்கூடக் கவனித்திருக்கிறது.

வாத்தியார் ஐயா, நீங்கள் கொடுக்கும் பயிற்சித் தாளில் 3/5 × 4/5 மாதிரி கணக்கு எத்தனை இருக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க முடியுமா?

#11 கணக்கு_வாத்தியார்

எண்ணினேன். பின்னப் பெருக்கல் நாற்பது கணக்கு இருக்கும் தாளில் இரண்டுதான். நானே தயாரித்த தாள்.

மாற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

#12 யாழினி

ஐயா, அந்தத் தாளில் எண்கோட்டையும் சேர்த்துவிடுங்கள். பின்னமும் ஓர் எண், அதற்கும் கோட்டில் ஓர் இடம் உண்டு என்று பிடிபடுவதுதான் பெரிய தாண்டல் என்று சீக்லர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு கோடு போட்டு "5/8 எங்கே?" என்று கேளுங்கள். 1/2 எங்கே, 1/3 எங்கே என்று குறிக்கத் தெரிந்த பிள்ளை 2/5 என்று எழுதிவிட்டு ஒரு நொடியாவது தயங்கும்.

நம் மொழி இதில் ஒரு கை கொடுக்கிறது. 3/4-ஐ "நான்கில் மூன்று" என்கிறோம். முதலில் எத்தனை பங்கு என்று தெரிகிறது, அப்புறம் அதில் எத்தனை எடுத்தோம் என்று வருகிறது. கொரிய மொழியிலும் இதே வரிசைதான். 1999-இல் ஐரீன் மியூராவும் சகாக்களும் கொரிய, குரோஷிய, அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்டபோது, பள்ளியில் பின்னம் தொடங்குவதற்கு முன்பே கொரியக் குழந்தைகள் பின்னத்தைச் சரியான படத்தோடு பொருத்துவதில் முன்னே இருந்தார்கள். மொழி மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று ஜே பைக் (பரிதி சொன்ன பைக் அல்ல), கெல்லி மிக்ஸ் இருவரும் 2003-இல் காட்டினார்கள். ஆனாலும் ஆங்கிலப் பெயரையே 'நான்கு பங்கில் ஒன்று' என்பது போல மாற்றிச் சொன்னபோது அமெரிக்கக் குழந்தைகளும் தேறினார்கள்.

வகுப்பில் "மூணு பை நாலு" என்று அவசரமாகச் சொல்லும்போது நாம் இதைக் கைவிட்டுவிடுகிறோம். நான் இப்போது பிடிவாதமாக "நான்கில் மூன்று" என்றே சொல்கிறேன்.

#13 செங்கதிர்

என் பையனுக்கு நாலு வயதுதான். பின்னத்துக்கெல்லாம் நாள் இருக்கிறது. இப்போது ஏதாவது செய்ய வேண்டுமா, சும்மா விட்டுவிடலாமா?

#14 நிறைமதி

விளையாடுங்கள் தம்பி. நிஜமாகவே அதுதான் பதில்.

சீக்லரும் கீதா ரமணியும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரே வரிசையில் ஒரே அளவுப் பத்துக் கட்டங்கள், இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை. சுழற்றினால் 1 அல்லது 2 விழும், அத்தனை கட்டம் காயை நகர்த்த வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைகள் இதை இரண்டு வாரத்தில் நாலு தடவை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல விளையாடினார்கள். எண்ணிக்கையிலும், எண்களை அடையாளம் காண்பதிலும், எது பெரிது என்று சொல்வதிலும், எண்கோட்டில் இடம் குறிப்பதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் முன்னேற்றம் அப்படியே இருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறம் போட்ட அதே பலகையில் விளையாடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. வட்டப் பலகையில் விளையாடியவர்கள் நேர்வரிசையில் விளையாடியவர்கள் அளவுக்கு வரவில்லை.

ஒரு சின்ன விஷயம்தான் முக்கியம். காய் 3-இல் இருக்கிறது, 2 விழுகிறது என்றால் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி நகர்த்தக் கூடாது. கட்டத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும்: "நாலு, அஞ்சு." எலிடா லாஸ்கியும் சீக்லரும் பின்னர் நூறு கட்டப் பலகையில் பார்த்தபோது, இப்படிக் கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்தியவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். விளையாடினால் மட்டும் போதவில்லை.

#15 பரிதி

எண்கோட்டு ஆய்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னக் குழந்தைகள் சிறிய எண்களை அகலமாகப் பரப்பி, பெரிய எண்களை ஓர் ஓரத்தில் நெருக்கி வைக்கிறார்கள், வயது ஏற ஏற அது சீராகிறது என்பது சீக்லரும் ஜான் ஓப்ஃபரும் 2003-இல் சொன்னது. குழந்தையின் மனதில் எண் உண்மையிலேயே அப்படி நெருங்கி இருக்கிறதா, அல்லது கோட்டின் இரு முனைகளை வைத்து விகிதம் போடத் தெரியவில்லையா என்று ஹிலரி பார்த் போன்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். இன்னும் ஓயாத விவாதம். விளையாட்டு பயன் தருகிறது என்பதை இது தொடாது, ஏன் பயன் தருகிறது என்பதைத்தான் தொடுகிறது.

#16 தேன்மொழி

ஒரு வாரமாக மகளைத் தடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, யாழினி அவர்களையும் நிறைமதியையும் பார்த்து, எண்ணி முடித்ததும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று மட்டும் கேட்டேன். கண்டிப்பு இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில்.

முதல் இரண்டு நாள் "எண்ணினேன்" என்றாள். மூன்றாம் நாள் 8+5-க்கு "எட்டுக்கு ரெண்டு குடுத்தா பத்து, மிச்சம் மூணு" என்றாள். யாரும் சொல்லித்தரவில்லை. நேற்று 9+6-க்கு விரலை நீட்டினாள், எண்ணாமலேயே மடக்கிக்கொண்டாள், பதினைந்து என்று எழுதினாள். இன்று 7+6-க்குத் திரும்பவும் முழுசாக எண்ணினாள்.

#17 நிறைமதி

அக்கா, அந்த மடக்கிய விரலைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே!

இன்னொன்றையும் முயன்று பாருங்கள். 2002-இல் சீக்லர் 3+4+5=__+5 போன்ற கணக்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். சரியான விடை ஏன் சரி என்று மட்டும் விளக்கிய குழந்தைகளை விட, சரியான விடை ஏன் சரி, இன்னொருவர் சொன்ன தவறான விடை ஏன் தவறு என்று இரண்டையும் விளக்கிய குழந்தைகள் அதிகம் கற்றார்கள். அதனால் ஒரு நாள் நீங்களே "8+5 பன்னிரண்டு என்று ஒரு பிள்ளை சொன்னது, அது எங்கே தவறியிருக்கும்?" என்று கேளுங்கள்.

#18 கணக்கு_வாத்தியார்

தேன்மொழி அம்மா, பாப்பா என்ன சொல்கிறாள் என்று இங்கே எழுதுங்கள். நானும் இந்த வாரம் பிள்ளைகளிடம் 2/5-ஐக் காட்டி இதையே கேட்கப்போகிறேன்.

நேர அளவு வைத்துத் தேர்வு நடத்துவது பற்றி எனக்கு இன்னும் நிறையச் சொல்ல இருக்கிறது, அதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

#19 தேன்மொழி

கேட்டேன் ஐயா. கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்தப் பிள்ளை எட்டையே ஒண்ணுன்னு எண்ணிட்டு ஆரம்பிச்சிருக்கும்மா. எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. அஞ்சு விரலும் முடிஞ்சுபோச்சு" என்றாள்.